புது நுண்ணுயிர் எதிர்ப்பு பெப்டைடை வடிவமைத்துச் சோதிப்பது எப்படி: சீக்வென்ஸ் முதல் கடைசி ப்ளேட் வரை

ஜனவரி பிறந்தால் தரமணி, கிண்டி, அடையாறு பக்கத்து ஆய்வகங்களுக்கு எம்.எஸ்சி., எம்.டெக். ப்ராஜெக்ட் மாணவர்கள் வந்து சேர்வார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாவைக் கொல்லும் புது பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) என்பது அவர்களில் பலருக்குப் பிடித்த தலைப்பு. பெரும்பாலும் எல்லோரும் ஒரே வரிசையில் வேலை செய்து ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கணினியில் நூறு சீக்வென்ஸ் (அமினோ அமில வரிசை) உருவாக்குவது, ப்ரெடிக்டர் (எது கொல்லும் என்று கணிக்கும் மென்பொருள்) அதிக மதிப்பெண் கொடுத்ததை ஆர்டர் செய்வது, பெப்டைடு ஊறிய காகித டிஸ்க்கை அகாரில் வைத்துப் பார்ப்பது, பாக்டீரியா வளராத வட்டம் எதுவும் வரவில்லையே என்று மார்ச் மாதம் கையைப் பிசைவது.

பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. நேர்மின்சுமை கொண்ட லைசினையும் நீரை வெறுக்கும் லியூசினையும் சரியான இடைவெளியில் கோத்தால் அது எதையாவது கொல்லும். உப்பிலும் சீரத்திலும் முடங்கிப்போகாமல், சிவப்பணுக்களையும் உடைக்காமல் கொல்ல வேண்டும், கஷ்டம் அங்கேதான். அதனால் கீழே உள்ள வரிசை ஒரே கணக்கில் போகிறது: ஒரு சீக்வென்ஸைக் குறைந்த செலவில், சீக்கிரமாகக் கழித்துக்கட்டும் சோதனை எதுவோ அது முதலில்.

1. சீக்வென்ஸைத் தொடுவதற்கு முன்

முதலில் காகித வேலை. மனித ரத்தம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மருத்துவமனையிலிருந்து எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா வாங்குவதாக இருந்தால் அதற்குத் தனிக் கடிதம், இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதியும் வேண்டும். இரண்டுமே இழுக்கும். பெப்டைடு வந்த பிறகு விண்ணப்பித்தால் பெப்டைடு ஃப்ரீசரில் தூங்கும், நீங்கள் அலுவலக வாசலில் நிற்பீர்கள்.

அடுத்து ஸ்ட்ரெயின்கள், அதாவது ஒரே பாக்டீரியா இனத்தின் தனித்தனி வகைகள் (ஏ.டி.சி.சி. என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்). ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922, ஸ்டாஃப் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 29213, சூடோமோனாஸ் ஏ.டி.சி.சி. 27853 மூன்றும் தரக்கட்டுப்பாட்டுக்கென்றே உலகம் முழுக்கப் பயன்படுபவை. இவற்றில் எம்.ஐ.சி. எண் (பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) வராமல் வேறு எதில் வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்து லேபிலிருந்து "ஈ.கோலைதான் தம்பி, எடுத்துக்கோ" என்று கொடுத்த குழாய் கணக்கில் சேராது. அது க்ளோனிங்குக்கு வைத்திருக்கும் ஸ்ட்ரெயினாக இருக்கும், அதன் வெளிச்சவ்வே வேறு மாதிரி.

96 குழி ப்ளேட் பாலிப்ரொப்பிலீனா என்று பார்த்து வாங்குங்கள். நேர்மின்சுமை கொண்ட பெப்டைடுகள் சாதாரண பாலிஸ்டைரீன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், செல் வளர்ப்புக்கென்று பதப்படுத்திய ப்ளேட்டில் இன்னும் மோசம். குழாய்களும் அப்படியே.

கடைசியாக, யாரைக் கொல்லப் போகிறோம், எங்கே வைத்து? தோல் புண்ணில் இருக்கும் ஸ்டாஃபா, ரத்தத்தில் இருக்கும் க்ளெப்சியெல்லாவா? புண்ணுக்கு என்றால் உறுத்தலைப் பார்க்க வேண்டும், ரத்தத்துக்கு என்றால் சீரத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். இதை எழுதி வைக்காவிட்டால் பின்னால் எந்தச் சோதனையில் தோற்றால் கைவிடுவது என்றே தெரியாது.

2. வெற்றுத் தாளில் தொடங்காதீர்கள்

தெரிந்த ஒரு பெப்டைடை எடுத்து மாற்றுங்கள். ஏ.பி.டி., டி.பி.ஏ.ஏ.எஸ்.பி., டிராம்ப், மும்பையில் உருவான கேம்ப் ஆகிய தரவுத்தளங்களில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பார்க்க வேண்டியது எண் மட்டுமல்ல, எந்த ஊடகத்தில் எடுத்த எண் என்பதும்தான். நீர்த்த ப்ராத்தில் (திரவ வளர்ப்பு ஊடகத்தில்) மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் என்று வந்திருப்பது, முழு முல்லர்-ஹிண்டன் ப்ராத்தில் 64 ஆகிவிடலாம்.

உதாரணத்துக்கு மகைனின்-2-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்கத் தவளையான ஜெனோபஸின் தோலிலிருந்து வந்தது, 23 அமினோ அமிலம், அக்குவேறு ஆணிவேறாக ஆராயப்பட்டது. ரத்த அணுக்களிடம் சாது. ஸ்டாஃப் ஆரியஸிடம் பலவீனம். அதாவது மேம்படுத்த இடம் இருக்கிறது.

3. மின்சுமையைக் கையால் கணக்கிடுங்கள்

மென்பொருள் இதைச் சொல்லிவிடும், இருந்தாலும் ஒருமுறை பேனாவால் போடுங்கள். மகைனின்-2-இல் லைசின் நான்கு (4, 10, 11, 14-ஆம் இடங்கள்), அதனால் +4. 19-இல் குளூட்டாமிக் அமிலம், -1. தொடக்க முனை +1, கடைசி முனை -1. ஹிஸ்டிடின் ஒன்று உண்டு, ஆனால் உடலின் பி.எச். அளவில் அதற்குப் பெரிதாகச் சுமை கிடையாது. மொத்தம் +3.

கடைசி முனையை அமைடாக்கினால் அந்த -1 போய் +4. குளூட்டாமிக் அமிலத்தைக் குளூட்டமினாக்கினால் +5. இரண்டே மாற்றம். பாக்டீரியா சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்சுமை, நம் செல் சவ்வின் வெளிப்புறம் பெரும்பாலும் நடுநிலை என்பதால், சுமையைக் கூட்டுவது பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்துத் தாக்க உதவும். அதற்காக +12 வரை ஏற்றினால் பலன் கூடிக்கொண்டே போகாது, ஒரு கட்டத்துக்கு மேல் ரத்த அணு உடைவதுதான் கூடும். +4 முதல் +7 வரை தொடங்க நல்ல இடம்.

அப்புறம் சுருளின் முகம். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், அதாவது ஒவ்வொன்றும் 100 டிகிரி தள்ளி. ஓர் இடத்தை எடுத்தால் அதிலிருந்து 3, 4, 7 தள்ளி இருப்பவை ஏறக்குறைய அதே பக்கம் பார்க்கும். லைசின்கள் ஒரு பக்கம், லியூசின், ஃபினைல்அலனின் போன்ற நீர்வெறுப்பவை மறுபக்கம் என்று பிரிந்திருக்க வேண்டும். ஹீலிக்வெஸ்ட் என்ற இணையக் கருவியில் சக்கரப் படம் போட்டுப் பாருங்கள்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: எம்.ஐ.சி. குறையட்டும் என்று நீர்வெறுப்புப் பக்கத்தில் ட்ரிப்டோஃபானும் லியூசினும் அடுக்குவார்கள். குறையும்தான். கூடவே பெப்டைடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பும், சிவப்பணுவும் உடையும். நீர்வெறுப்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம்.

இரண்டு சில்லறை மாற்றங்கள் பின்னால் தலைவலியைக் குறைக்கும். 21-ஆம் இடத்து மெத்தியோனைன் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும், அதை நார்லியூசின் ஆக்கலாம். 5-ஆம் இடத்து ஃபினைல்அலனினை ட்ரிப்டோஃபான் ஆக்கினால் 280 நானோமீட்டரில் செறிவை அளக்கலாம். மூல மகைனினில் ட்ரிப்டோஃபானும் இல்லை, டைரோசினும் இல்லை, அதனால் அங்கே 280-இல் அளந்தால் வருவது வெறும் இரைச்சல்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு நல்ல முடிவு வந்தால் எதனால் வந்தது என்று வைவாவில் கேட்பார்கள்.

4. ப்ரெடிக்டரை நம்புவதற்கு முன் அதையே சோதியுங்கள்

ப்ரெடிக்டர் கொடுக்கும் 0.97 என்பது எம்.ஐ.சி. அல்ல. தான் முன்பே பார்த்த பெப்டைடுகளைப் போல இது இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது.

ஒரு சுலபமான சோதனை. உங்கள் சீக்வென்ஸின் அமினோ அமிலங்களைக் கலைத்துப் போட்டுப் பத்து வடிவம் செய்து அதே ப்ரெடிக்டரில் கொடுங்கள். அவற்றுக்கும் 0.95 வந்தால், அது அமினோ அமிலங்களின் விகிதத்தை மட்டும் பார்க்கிறது, வரிசையைப் பார்க்கவில்லை. அப்புறம் அதை வைத்து வரிசைகளுக்குள் எது சிறந்தது என்று தேர்ந்தெடுப்பதில் என்ன அர்த்தம்?

வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் அழகான சுருள் வரைந்து கொடுப்பதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகைனின் போன்றவை தண்ணீரில் குறிப்பிட்ட வடிவமே இல்லாமல் கிடக்கும், சவ்வைத் தொட்டால்தான் சுருளும்.

ப்ரெடிக்டரின் உண்மையான பயன் கழிப்பதில் இருக்கிறது. ஹீமோபை போன்ற கருவி ரத்த அணுவை உடைக்கும் என்று சொன்னதைப் பட்டியலின் கீழே தள்ளுங்கள். ஐந்தாறு சீக்வென்ஸ் மிஞ்சினால் போதும். கூடவே இரண்டு கட்டுப்பாடுகள்: மாற்றாத மூல பெப்டைடு ஒன்று, அதே அமினோ அமிலங்களைக் கலைத்துச் சுருள் முகம் கெட்ட வடிவம் ஒன்று.

5. ஆர்டர் படிவத்தில் கவனம்

பெப்டைடை நீங்களே செய்தாலும் (ஃப்மாக் முறை, அமைடு முனைக்கு ரிங்க் அமைடு ரெசின்) வெளியே கொடுத்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்.

கடைசி முனை அமைடு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் பொதுவாக அமில முனையோடுதான் வரும், உங்கள் +5 சத்தமில்லாமல் +4 ஆகியிருக்கும்.

தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) படமும் நிறை நிறமாலையும் சேர்த்து. மலிவாக இருக்கிறதே என்று சுத்திகரிக்காததை வாங்கினால் அதில் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருட்களே பாக்டீரியாவைக் கொல்லும், நீங்கள் பெப்டைடு கொன்றதாக நினைத்துச் சந்தோஷப்படுவீர்கள்.

உப்பு மாற்றம் கேளுங்கள். சுத்திகரிப்பில் ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் பயன்படுவதால் பெப்டைடின் ஒவ்வொரு நேர்மின்சுமையோடும் அது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மகைனின்-2-க்கு நான்கு லைசின், ஒரு ஹிஸ்டிடின், தொடக்க முனை என்று ஆறு. ஒவ்வொன்றும் 114 டால்டன், ஆக 684. பெப்டைடின் எடை சுமார் 2467. பொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெப்டைடே இல்லை, ஈரப்பதத்தை இன்னும் சேர்க்கவில்லை. செல்களோடு வேலை என்றால் அசிட்டேட் அல்லது குளோரைடாக மாற்றித் தரச் சொல்லுங்கள், நிகர பெப்டைடு அளவையும் கேளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? எம்.ஐ.சி. ப்ளேட்டில் ஒரு வரிசைக்கு, 128 மைக்ரோகிராம்/மி.லி.யிலிருந்து பாதிப் பாதியாக இறங்கினால், சுமார் 26 மைக்ரோகிராம். நான்கு ஸ்ட்ரெயின், மூன்று வரிசை, மூன்று தடவை என்றால் 36 வரிசை, ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ரத்தச் சோதனை, சீரச் சோதனை எல்லாம் சேர்த்தால் நிகரம் ஐந்து மில்லிகிராம் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் அது வேறு பேட்ச்.

6. பொடி வந்து சேர்ந்ததும்

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். நம்மூர்க் காற்றின் ஈரத்துக்குக் குளிர்ந்த குப்பி ஐந்தே நிமிடத்தில் வியர்க்கும், உள்ளே இருப்பதோ தண்ணீரைக் குடிக்கும் பொடி. அறை வெப்பத்துக்கு வரும்வரை டெசிக்கேட்டரில் வைத்து, ஒரு சுற்று சென்ட்ரிஃப்யூஜ் செய்து, அப்புறம் திறங்கள். பாதிப் பொடி மூடியில்தான் ஒட்டியிருக்கும்.

கிருமி நீக்கிய தண்ணீரில் அல்லது 0.01 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரையுங்கள். நேராக பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊற்றினால் சில பெப்டைடுகள் உடனே கலங்கும். வடிகட்டியால் கிருமி நீக்கப் போக வேண்டாம், சில வகைச் சவ்வுகள் பெப்டைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ட்ரிப்டோஃபான் உள்ளவற்றுக்கு 280-இல் செறிவை அளந்துவிட்டு, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரு குழாய், ஒரு நாள் வேலை. மிச்சத்தைத் திரும்ப உறையவைத்தால் அடுத்த வார எண் மாறும்.

7. முதல் ப்ளேட்: ஏ.டி.சி.சி. ஸ்ட்ரெயின்கள் மட்டும்

டிஸ்க் பரவல் வேண்டாம். அகாருக்கு எதிர்மின்சுமை உண்டு, நேர்மின்சுமை பெப்டைடு அதில் ஒட்டி நகராமல் நிற்கும். பெப்டைடு வகை ஆன்டிபயாட்டிக்கான கோலிஸ்டினுக்கே டிஸ்க் சரிப்படாது, ப்ராத் நீர்த்தல் முறைதான் செய்ய வேண்டும் என்று இந்தச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ.யும் யூகாஸ்ட்டும் சேர்ந்து 2016-இல் சொல்லிவிட்டன. ஆனாலும் வருடாவருடம் யாராவது டிஸ்க் வைத்துவிட்டு வந்து பெப்டைடு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஊடகம், கால்சியமும் மெக்னீசியமும் சரிசெய்த முல்லர்-ஹிண்டன் ப்ராத். லிட்டருக்குக் கால்சியம் 20-25 மி.கி., மெக்னீசியம் 10-12.5 மி.கி. இந்த அயனிகள் கிராம்-நெகட்டிவ் வெளிச்சவ்வை இறுக்கிப் பிடிப்பவை. அவை இல்லாத ப்ராத்தில் பெப்டைடு வீரனாகத் தெரியும்.

முதல் குழியில் 256 மைக்ரோகிராம்/மி.லி. கரைசல் 100 மைக்ரோலிட்டர், மற்றவற்றில் ப்ராத் 50. பாதிப் பாதியாக பத்தாம் குழி வரை இறக்கி, பத்தாவதிலிருந்து எடுத்த 50-ஐக் கொட்டிவிடுங்கள். 11-இல் பெப்டைடு கிடையாது, வளர்ச்சிக் கட்டுப்பாடு. 12-இல் பாக்டீரியா கிடையாது, தூய்மைக் கட்டுப்பாடு.

பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்தால் மி.லி.க்குச் சுமார் 10 கோடி. நூறு மடங்கு நீர்த்தால் 10 லட்சம். அதில் 50 மைக்ரோலிட்டரை 1 முதல் 11 வரை சேர்த்தால் குழியில் மி.லி.க்கு 5 லட்சம், பெப்டைடு 128-இலிருந்து 0.25 வரை. பன்னிரண்டில் வெறும் ப்ராத் 50. கலங்கலைத் தயாரித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அரை மணிக்குள் ப்ளேட்டுக்குப் போக வேண்டும்.

ஐந்து லட்சம்தானா என்று எண்ணிப் பாருங்கள். பாக்டீரியா சேர்த்தவுடன் 11-ஆம் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. சலைனில் கலக்கி, அதில் 100-ஐ அகாரில் பரப்பினால் மறுநாள் 50 காலனி வர வேண்டும். 500 வந்தால் அந்த ப்ளேட்டைக் குப்பையில் போடலாம். பாக்டீரியா பத்து மடங்கானால் பெப்டைடு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்துபோய் எம்.ஐ.சி. தானாக ஏறும்.

35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். ஈரத் துணி வைத்த டப்பாவுக்குள் ப்ளேட்டை வையுங்கள், இல்லையென்றால் ஓரக் குழிகள் காய்ந்து எண் தப்பாகும். இரவில் கரண்ட் போய் வந்ததா என்று காலையில் இன்குபேட்டர் பதிவைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ஒவ்வொரு ஈ.கோலை ப்ளேட்டிலும் கோலிஸ்டினுக்கு ஒரு வரிசை. 25922-க்கு அது 0.25-2 மைக்ரோகிராம்/மி.லி.க்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ப்ளேட்டில் உங்கள் பெப்டைடின் எண்ணையும் எழுதக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

8. அதே வாரம் ரத்தச் சோதனை

இதைக் கடைசியில் வைப்பதுதான் ப்ராஜெக்டுகள் வீணாவதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எம்.ஐ.சி. 4 என்று கண்டதும் ஆளாளுக்கு எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுக்க ஓடுகிறார்கள், மேயில் பார்த்தால் அது சிவப்பணுக்களையும் சேர்த்து உடைக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

சிவப்பணுக்களை பி.பி.எஸ்.-இல் மேல்நீர் நிறமற்றுத் தெளியும்வரை கழுவுங்கள். முந்தாநாள் ரத்தம் தானாகவே கசியும், புதிதாக எடுங்கள். 2 சதவீதக் கலவையில் பெப்டைடைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேல்நீரை 540 நானோமீட்டரில் படியுங்கள். பி.பி.எஸ். மட்டும் இருப்பது பூஜ்யம், அணுக்களை முழுதாக உடைக்கும் சோப்பு போன்ற ட்ரைட்டான் எக்ஸ்-100 போட்டது நூறு. தேனீ விஷத்து மெலிட்டின் கையில் இருந்தால் நல்ல ஒப்பீடு, அது ரத்த அணுவை உடைப்பதில் பேர்போனது.

அனுமதி தாமதமாகிறதே என்று ஆட்டு ரத்தத்தில் செய்து அதை மனித ரத்தத்துக்கான எண்ணாக எழுதுவதைப் பார்க்கிறேன். சவ்வின் கொழுப்பு வகை விலங்குக்கு விலங்கு வேறு, முடிவும் மாறும். ஆட்டு ரத்தம் என்றால் ஆட்டு ரத்தம் என்றே எழுதுங்கள்.

பாதி அணுக்கள் உடையும் செறிவை எம்.ஐ.சி.யால் வகுங்கள். எம்.ஐ.சி. 8, பாதி உடைவது 16-இல் என்றால் விகிதம் 2, அந்த சீக்வென்ஸை விட்டுவிடலாம். எம்.ஐ.சி. 16, 256-இல்கூடப் பாதி உடையவில்லை என்றால் விகிதம் 16-க்கு மேல். எம்.ஐ.சி. மட்டும் பார்த்தால் மோசமாகத் தெரியும் இரண்டாவதுதான் மேலே எடுத்துப்போக வேண்டியது.

9. உப்பு, சீரம், ட்ரிப்சின்

தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். ஏழாம் படியின் ப்ளேட்டையே 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்து ஒருமுறை, சீரம் சேர்த்து ஒருமுறை செய்யுங்கள். மின்கவர்ச்சியை மட்டும் நம்பும் பெப்டைடு உப்பில் படுத்துவிடும். எம்.ஐ.சி. நான்கு மடங்குக்கு மேல் ஏறினால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

ட்ரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும், அதாவது நீங்கள் ஆசையாக வைத்த இடங்களில் எல்லாம். 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுத்து எச்.பி.எல்.சி.யில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். உடனே காணாமல் போனால், டி-வடிவ (கண்ணாடிப் பிம்ப வடிவ) லைசின் வைக்கலாம். முழு டி-வடிவத்தைச் செய்தால் இன்னொரு லாபம் உண்டு: அதுவும் அதே அளவு கொன்றால், குறிப்பிட்ட புரதம் எதையும் பிடிக்காமல் சவ்வைத்தான் தாக்குகிறது என்பதற்கு நல்ல சான்று. விலை கூடுதல், அதனால் ஒரே ஒரு சீக்வென்ஸுக்கு மட்டும்.

10. எதிர்ப்புத் திறன் கொண்டவை கடைசியில்

தலைப்பே இதுதானே, ஏன் கடைசியில் என்று கேட்பார்கள். எதிர்ப்புத் திறன் தரும் என்.டி.எம். நொதி கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளை உடைக்கும், சவ்வைத் தாக்கும் பெப்டைடை அது ஒன்றும் செய்யாது. ஆகவே ஏ.டி.சி.சி. ஸ்ட்ரெயினில் தோற்ற பெப்டைடு மருத்துவமனை ஸ்ட்ரெயினில் ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. அங்கே ஜெயிப்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆச்சரியமில்லை.

உண்மையான சவால் கோலிஸ்டினுக்கு அடங்காதவை. 2015-இல் வெளியான எம்.சி.ஆர்-1 மரபணு, வெளிச்சவ்வில் இருக்கும் லிப்பிட்-ஏ-யில் ஒரு சேர்மத்தை ஒட்டி அதன் எதிர்மின்சுமையைக் குறைக்கிறது. உங்கள் பெப்டைடு நம்பியிருப்பதும் அதே சுமையைத்தான். இப்படி ஒரு ஸ்ட்ரெயினாவது பட்டியலில் இருக்கட்டும். ஸ்டாஃபிலும் சவ்வில் லைசினை ஒட்டிச் சுமையைக் குறைக்கும் எம்.பி.ஆர்.எஃப். என்ற மரபணு உண்டு.

எப்படிக் கொல்கிறது என்பதற்கு சவ்வு உடைந்தால் ஒளிரும் ப்ரொப்பிடியம் அயோடைடு, என்.பி.என். சாயச் சோதனைகள் போதும். படம் எடுக்க வேண்டும் என்றால் இப்போது எடுங்கள்.

எதிர்ப்பு உருவாகிறதா என்று பார்க்க, எம்.ஐ.சி.க்கு ஒரு படி கீழே வளர்ந்த குழியிலிருந்து எடுத்து மறுநாள் புது ப்ளேட் போடுங்கள், இப்படித் தினமும், இருபது முப்பது நாட்களுக்கு. பக்கத்திலேயே சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு வரிசை ஓடட்டும், பெப்டைடே இல்லாமல் ஒரு வரிசை ஓடட்டும். எம்.ஐ.சி. ஏறினால் உடனே எதிர்ப்பு என்று எழுதாதீர்கள். அந்த பாக்டீரியாவைப் பெப்டைடு இல்லாத அகாரில் சில நாள் வளர்த்துவிட்டு மறுபடி அளந்து, அப்போதும் இறங்காமல் நின்றால் மட்டும் எழுதுங்கள். ஏறிய ஒவ்வொன்றையும் 25 சதவீத கிளிசராலில் மைனஸ் 80-இல் சேமியுங்கள், தேதியும் எத்தனையாவது நாள் என்பதும் குழாயின் மேலேயே இருக்கட்டும்.